பின்னால் இருந்த விளக்கு

ஸ்டுடியோக்காரி கிலுகிலுப்பையை மறுபடியும் ஆட்டினாள்.

பையன் திரும்பவில்லை.

வெல்வெட் விரித்த பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தான். நாளை மறுநாள் முதல் பிறந்தநாள். பிளக்ஸ் அடிக்கப் படம் வேண்டும், தலைக்கு மேலே பேர் போட இடம் விட வேண்டும் என்று சொல்லித்தான் அவன் அம்மா தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். குட்டிப் பட்டு வேட்டி. கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு. வேட்டிக் கரையை வாயில் திணிப்பதில் மும்முரமாக இருந்தான்.

சரியான பிடிவாதக்காரன் என்று நினைத்தாள் ஸ்டுடியோக்காரி. அவள் பார்க்காத பிடிவாதமா? பத்தொன்பது வருஷமாகக் குழந்தைகளைத்தான் படம் எடுக்கிறாள். அழுகிறவன், வெல்வெட்டை நனைக்கிறவன், கேமராவைப் பிடுங்க வருகிறவன், எல்லோரும் கடைசியில் கிலுகிலுப்பைக்கு மடங்கியவர்கள்தான்.

வலது பக்கம் நீட்டி ஆட்டினாள். இடது பக்கம் நீட்டி ஆட்டினாள்.

விசில் ஊதினாள்.

வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து பார்த்தது.

பையன் வேட்டியைச் சப்பினான்.

“ரொம்ப சமத்துக்கா இவன்,” என்றாள் பெஞ்சில் இருந்த அம்மா. அவ்வளவு பெருமை அந்த முகத்தில். “தூங்கினான்னா பக்கத்துல வெடியே போட்டாலும் முழிக்க மாட்டான்.”

ஸ்டுடியோக்காரியின் கை அப்படியே நின்றது.

அக்கா மகளையும் இப்படித்தான் சமத்து சமத்து என்று நாலு வயசு வரை கொஞ்சினார்கள். முன்னாடியே கூட்டிக்கொண்டு வந்திருக்கக் கூடாதா என்று கடைசியில் காது டாக்டர் கேட்டார்.

சொல்ல வேண்டும். இன்றைக்கே சொல்ல வேண்டும்.

பிறந்தநாள் படம் எடுக்க வந்தவளிடம் இதை எப்படிச் சொல்வது?

முதலில் படத்தை எடுப்போம் என்று குடை விளக்கின் பக்கம் போனாள். முகத்துக்கு நேராக நின்றதைப் பக்கவாட்டில் இழுத்தாள். அதுவரை தோசை மாதிரி இருந்த முகத்துக்கு மூக்கும் கன்னக்குழியும் வந்து சேர்ந்தன.

விளக்கு நகர்ந்ததும் பையன் வேட்டியை விட்டுவிட்டான்.

விளக்கைத் தாழ்த்தினாள். அவன் கண்ணும் தாழ்ந்தது. உயர்த்தினாள். கண்ணும் கூடவே ஏறியது. இரண்டு கண்ணிலும் அரிசி அளவு வெளிச்சம்.

மேலே இருந்து எடுத்தால் எந்தக் குழந்தையும் வெறும் தலையாகத்தான் தெரியும். மண்டி போட்டு, அவன் கண் மட்டத்துக்கு இறங்கினாள். அவன் இருக்கிற இரண்டு பல்லும் தெரியச் சிரித்தான்.

எடுத்தாள்.

இத்தனை வருஷத்தில் இதைவிட நல்ல படம் அவள் எடுத்ததில்லை. அழுகையாக வந்தது.

“ஏம்மா, நீ அவனுக்குப் பின்னால போய் நின்னு பேரைச் சொல்லிக் கூப்பிடேன்.”

அம்மா எழுந்து வந்து குழந்தையின் முதுகுக்குப் பின்னால் நின்றாள்.

“செழியா!”

சட்டென்று திரும்பினான். அம்மாவைப் பார்த்துச் சிரித்தான்.

ஸ்டுடியோக்காரிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இருந்தது ஒரு நொடிதான்.

தலைமுடியின் ஓரம் மினுங்குவதற்காகப் பின்னால் ஒரு விளக்கு வைத்திருந்தாள். அதன் முன்னால் அம்மா நின்றுகொண்டிருந்தாள். அம்மாவின் நிழல் பையனின் மடியில் விழுந்திருந்தது. அவன் திரும்பியது அதைப் பார்த்துத்தானோ?

அந்த விளக்கை அணைத்தாள்.

கேமராவின் லென்ஸ் மூடியைப் பையன் கையில் கொடுத்து, முன்பக்கம் பார்க்க உட்கார வைத்தாள்.

“இன்னொரு தடவை கூப்பிடும்மா.”

“செழியா.”

மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“செழியா... டேய், தங்கம்...”

மூடியை நக்கிப் பார்த்தான்.

அம்மா கத்தியே கூப்பிட்டாள். நாய் மறுபடியும் எழுந்தது.

அணைந்த விளக்கை அம்மா பார்த்தாள். பிறகு ஸ்டுடியோக்காரியைப் பார்த்தாள்.

“பெரியாஸ்பத்திரியில காதுக்குன்னு தனியா டாக்டர் இருக்காங்க. நாளைக்குக் காலையிலயே போவோம், நானும் வரேன். ஒரு வயசுதானேம்மா ஆகுது. நேரம் இருக்கு.”

அம்மா சுற்றிக்கொண்டு முன்னால் வந்து, பெட்டிக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். வெளிச்சமெல்லாம் பையன் மேல் இருந்தது. அவள் முகம் இருட்டில் இருந்தது.

ஸ்டுடியோக்காரி குடை விளக்கைப் பிடித்து, பையனிடமிருந்து அம்மாவின் பக்கம் திருப்பினாள்.

“செழியா,” என்றாள் அம்மா.

மெதுவாக. உதடு நன்றாகத் தெரியும்படி.

லென்ஸ் மூடி கீழே விழுந்து சத்தத்தோடு உருண்டு ஓடியது. பையன் அந்த உதட்டைத் தொடக் கையை நீட்டினான்.