ஈரச் சுவர்

சுவரில் ஒரு கோடு இருப்பதைப் பெயிண்டர்தான் முதலில் காட்டினார். அப்பாவின் அறை வாசலில் தொடங்கி, ஹால் சுவர் நெடுக இடுப்புயரத்தில் ஓடி, பாத்ரூம் கதவில் போய் முடிந்தது அந்த அழுக்குக் கோடு. நடுவில் ஓரிடத்தில் மட்டும் ஐந்து விரல்களும் பதிந்து கீழ்நோக்கி இழுபட்டிருந்தன.

“ஒரே எண்ணெய்ப் பிசுக்கும்மா. தேய்ச்சுட்டு அடிச்சுரவா?”

“நல்லா ரெண்டு கோட் அடிச்சுருங்க” என்றாள் கோதை, யோசிக்காமல்.

போன வாரம்தான் டாக்டரிடம், “தலைசுத்தலா? எனக்கா?” என்று சிரித்திருந்தார் அப்பா. வெளியே போகும்போது கோதை கையைப் பிடிக்க வந்தாலே உதறிவிடுவார்.

சாயங்காலம் பெயிண்டர் போன பிறகு பார்த்தாள். அப்பா அறை வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். வலது கை சுவரைத் தொடாமல் அந்தரத்தில் நீண்டிருந்தது.

“என்னப்பா, பாத்ரூம் போகணுமா?”

“போகணும். பெயிண்ட் காயலையேம்மா.”

கோதை கையை நீட்டப் போனாள், நீட்டவில்லை. பளபளத்த சுவரில் உள்ளங்கையை அழுத்தி எடுத்தாள்.

“காஞ்சிருச்சுப்பா. வாங்க.”

வெள்ளை அப்பிய கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். அப்பா சுவரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு அவள் கை பதிந்த இடத்திலேயே தன் கையை வைத்தார்.