முதல் வட்டம்

அவள் மகளை மறுபடியும் முதல் வட்டத்துக்குள் இழுத்து நிறுத்தினாள்.

"இதுதான் உன் எடம். நகரம். நாளைக்கு மிஸ் சொன்னதும் ஓடிப் போய் இதுல நிக்கணும்."

சிமெண்டுத் தரையில் சாக்பீஸால் போட்ட மூன்று வட்டங்கள். நகரம். புறநகர். கிராமம்.

நாளை வகுப்பில் இதுதான் விளையாட்டு. யார் வீடு எங்கே இருக்கிறதோ அந்த வட்டத்தில் போய் நிற்க வேண்டும்.

மோனிஷாவுக்கு ஆறு வயது. விளையாட்டென்றால் அவளுக்கு எல்லாம் சரியாக இருக்க வேண்டும். அழுகுணி ஆட்டம் பிடிக்காது.

"இங்க மாடு வருதேம்மா. அப்ப கிராமமா?"

"இல்ல."

"எட்டு மாடி இருக்கே. அப்ப நகரமா?"

"மாடி இருந்தா நகரம் ஆயிடாதுடி."

ஆகாது. அது அம்மாவுக்குத் தெரியும்.

ஆற்றோரத்து வீடுகளை இடித்த அன்று, எல்லோரையும் மூட்டை முடிச்சோடு லாரியில் ஏற்றினார்கள். லாரி போய்க்கொண்டே இருந்தது. துணிக்கடைகள் முடிந்தன. பெட்ரோல் பங்குகள் முடிந்தன. ஏரி வந்தது.

அதற்கப்புறமும் போய், இந்த எட்டு மாடி வீடுகள் முன்னால் நின்றது.

"கண்டுபிடிச்சிட்டேன். புறநகர்!"

பிள்ளை நடு வட்டத்துக்குள் குதித்தாள். குதித்த பிறகுதான் கேட்டாள்.

"புறம்னா என்னம்மா?"

"வெளிய."

மோனிஷா கொஞ்ச நேரம் தன் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நம்மள வெளிய அனுப்பிட்டாங்களா?"

அம்மா அவள் தோளைப் பிடித்து முதல் வட்டத்துக்குத் தள்ளினாள்.

சரியான பதிலைச் சொன்ன பிள்ளையை.

பள்ளிக்கூடம் இன்னும் ஆற்றுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அதை யாரும் இடிக்கவில்லை. அக்கம்பக்கத்தில் குடியிருப்பவர்களின் பிள்ளைகளுக்குத்தான் அங்கே இலவச இடம் என்று சேர்க்கும்போதே சொல்லியிருந்தார்கள். வீடு போனதை அவள் பள்ளியில் சொல்லவில்லை. சொன்னால் இடமும் போய்விடும் என்று பயம்.

விடிவதற்குள் எழுப்புகிறாள். பஸ்ஸில் மடியில் போட்டுத் தூங்கவைக்கிறாள். பள்ளி கேட்டுக்குக் கொஞ்சம் தள்ளி நின்று, கலைந்த தலையை வாரிவிடுகிறாள்.

பக்கத்துத் தெருவிலிருந்து நடந்து வந்த பிள்ளை மாதிரி.

"மிஸ் உங்க வீடு எங்கன்னு கேட்டா?"

"ஆத்தோரம். பாலத்துக்குப் பக்கத்துல. நீலக் கதவு."

"என் சமத்து."

காலையில் பஸ் பாலத்தின் மேல் வழக்கம் போல் மெதுவானது. வழக்கம் போல் மோனிஷா விழித்துக்கொண்டாள். ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக் கீழே, இடிந்து கிடந்த வீடுகளைப் பார்த்தாள்.

அம்மா பார்க்கவில்லை. பாலம் வந்தால் அவளுக்குப் பையில் எதையாவது தேட வேண்டியிருக்கும்.

தினமும் பிள்ளை என்ன பார்க்கிறாள் என்று கேட்டதும் இல்லை.

வேலை செய்யும் வீட்டில் தாமதத்துக்குத் திட்டு விழும். விழட்டும். மகளை உள்ளே அனுப்பிவிட்டு, அவள் கேட்டுக் கம்பியைப் பிடித்தபடி நின்றாள்.

புங்கமரத்தடியில் வட்டங்கள் பெரிதாக இருந்தன. மிஸ் கை தட்டினார்.

நடு வட்டத்தில் வேனில் வரும் பையன்கள் மூன்று பேர். "எங்க அப்பார்ட்மெண்ட்ல ஸ்விம்மிங் பூல் இருக்கே!" என்று ஒருவன் கத்தினான். அவர்களுக்கு அந்த வட்டத்தில் நிற்பதில் ஒரு சங்கடமும் இல்லை. கிராமம் காலியாகக் கிடந்தது.

மோனிஷா ஓடினாள்.

முதல் வட்டம்.

கேட்டருகே அம்மா மூச்சு விட்டாள்.

மிஸ் ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்தார். வீடு எங்கே, வீட்டில் யார் யார். அப்பா, அம்மா, தம்பி. மாமா, அத்தை. தொட்டியில் மீன்.

"மோனிஷா?"

"ஆத்தோரம் மிஸ். பாலத்துக்குப் பக்கத்துல. நீலக் கதவு."

ஒரு சொல் பிசகவில்லை.

"வெரி குட். வீட்டுல யாரெல்லாம் இருக்காங்க?"

அதை அவர்கள் பழகியிருக்கவில்லை.

பிள்ளை யோசித்தாள். முதல் வட்டத்தில் நின்றுகொண்டு, அந்த வட்டத்துக்கு உரிய பதிலை யோசித்தாள்.

"ஒரு நாய் இருக்கு மிஸ். குட்டி போட்டிருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். மிஸ்ஸும் சிரித்தார்.

"சரி. வேற யாரு?"

"வேற யாரும் இல்ல மிஸ்."

மிஸ்ஸின் சிரிப்பு மெல்ல நின்றது. நிமிர்ந்து, கேட்டைப் பார்த்தார்.

அங்கே நின்றவள் கையில் இன்னும் சீப்பு இருந்தது.