முழங்கை உயரம்

சுவிட்சுகளை இடுப்பு உயரத்துக்கு இறக்கும்படி எலக்ட்ரீஷியனிடம் கணவர் சொன்னபோதுதான் அவளுக்கு விஷயம் விளங்கியது. ‘கார் ஷெட்டுல எனக்கொரு பட்டறை, ஓய்வா உக்காந்து பாட்டுக் கேக்க ஒரு மூலை’ என்று அவர் சொல்லி வந்ததெல்லாம் வெறும் கண்துடைப்பு.

ஷெட்டின் வாசல் படியை உடைத்துச் சரிவாகச் சிமெண்ட் பூசியாயிற்று. கதவு அகலமாகியிருந்தது. உளியும் ரம்பமும் சுவரின் கீழ்ப்பாதியிலேயே தொங்கின. சக்கர நாற்காலியில் வருகிறவருக்குத்தான் இதெல்லாம் தேவைப்படும். குடும்பத்தில் அப்படி ஒரே ஒருவர்தான் இருந்தார், கணவரின் அண்ணன்.

எலக்ட்ரீஷியன் போகும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

“உங்க அண்ணன் வர்றாரா?”

கணவர் தரையில் கிடந்த ஒயர்த் துண்டுகளைப் பார்த்தார். “வர்றாரு. அடுத்த வாரம்.”

“என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலையா?”

“வேலை முடியட்டும். சொல்றேன்.”

விபத்தில் கால்கள் செயலிழந்த புதிதில், அண்ணன் ஒரு மழைக்காலம் முழுக்க இவர்கள் வீட்டுக் கூடத்தில் கிடந்தார். குளிப்பாட்டுவது கணவர், மற்ற எல்லாவற்றுக்கும் அவள். டீ ஆறியிருந்தால் கண்ணாடி டம்ளர் சுவருக்குப் பறக்கும். போகிறபோது, “தம்பி பொண்டாட்டி என்னைப் பட்டினி போட்டா” என்று சொந்தபந்தம் முழுக்கச் சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அவள் அவர் முகத்தில் விழித்ததில்லை.

காரை விற்றபோதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். “பஸ் ஓட்டி ஓட்டி அலுத்துப்போச்சு. இனிமே ஸ்டியரிங்கைத் தொடவே பிடிக்கல” என்று விருப்ப ஓய்வு வாங்கி வந்தவர், வந்த கையோடு காரையும் தள்ளிவிட்டார். எண்ணெய்க் கறையும் ஒரு மொட்டை டயரும் மட்டுமே மிஞ்சிய ஷெட்டுக்கு அவசர அவசரமாக வெள்ளையடித்தார். யாரோ விரட்டுவது போலத்தான் ஒவ்வொரு வேலையும் நடந்தது.

வேலை மேசைக்கு அளவெடுக்கத் தச்சர் வந்தார்.

“உக்காந்து வேலை செய்யறவங்க முழங்கைக்கு மேசை நிக்கணும் சார். ரெண்டு விரல் ஏறினாலும் தோள்பட்டை போயிடும். யாரு உக்காரப் போறது?”

கணவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “என் முழங்கைக்கே எடுங்க.”

கதவோரம் நின்றிருந்த அவளுக்கு உள்ளுக்குள் ஒரு குரூரமான திருப்தி. தம்பி பனைமரம், அண்ணனோ குட்டை. இந்த மேசை அண்ணனுக்குத் தாடையில் இடிக்கும். இடிக்கட்டுமே!

அளவெடுத்து முடிந்து எழுந்தபோது கணவர் தச்சரின் தோளைப் பிடித்துக்கொண்டார்.

“என்ன சார், அதுக்குள்ள கால் மரத்துப்போச்சா? நான் இன்னும் மரத்தையே அறுக்கல!”

கணவர் சிரித்து வைத்தார்.

அன்று சாப்பிடும்போது அவள் சொல்லிவிட்டாள். “அவர் அந்தக் கதவு வழியா உள்ள வந்தா, நான் இந்தக் கதவு வழியா வெளிய போறேன். அப்புறம் அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு ரம்பத்தை வெச்சுக்கிட்டு நிம்மதியா அறுத்துக்கிட்டு இருங்க.”

கத்துவார் என்று எதிர்பார்த்தாள். அவர் தட்டில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

“அண்ணன் வந்துட்டுப் போகட்டும். அதுக்கப்புறமும் உனக்குப் போகணும்னு தோணினா போ. தடுக்க மாட்டேன்.”

தடுக்க மாட்டேன். அந்தச் சொல் தொண்டையில் மாட்டிய முள்ளைப் போல நாலைந்து நாள் அவளை விடவில்லை. இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியதற்கு மதிப்பு அவ்வளவுதானா?

அண்ணன் வருகிற காலையில் அவள் துணிகளை அடுக்கிப் பையை வாசலுக்கே கொண்டுவந்து வைத்துவிட்டாள். வேன் வந்து நின்றது. ஓட்டி வந்தவர் முதலில் அண்ணனை நாற்காலியோடு இறக்கினார். பிறகு அட்டை சுற்றிய பெரிய சாமான் ஒன்றை இறக்கிச் சுவரில் சாய்த்து வைத்தார். மூட்டை முடிச்சோடுதான் வந்திருக்கிறார்!

அண்ணன் சரிவில் தானே ஏறி ஷெட்டுக்குள் போனார். சுவிட்சைப் போட்டு அணைத்தார். ரம்பத்தை எட்டி எடுத்து மாட்டினார். கடைசியாக மேசையடியில் நாற்காலியைச் செலுத்தினார். பலகை அவர் மார்பு வரைக்கும் ஏறி நின்றது.

“அளவு கச்சிதம்டா” என்றார் தம்பியிடம்.

அவளுக்கு அதுவே போதுமாக இருந்தது. சௌகரியம் இல்லாவிட்டாலும் ஒட்டிக்கொள்ளத்தான் பார்க்கிறார். பையைத் தூக்கிக்கொண்டு ஷெட் வாசலை அடைத்தபடி நின்றாள்.

“நான் கிளம்பறேன். நீங்க எத்தனை நாள் வேணும்னாலும் இருங்க. டம்ளரெல்லாம் எவர்சில்வர்ல வாங்கி வெச்சிருக்கேன், தாராளமா வீசலாம்.”

அண்ணனின் முகம் சிவந்தது. எப்போதும் போலக் கத்தப்போகிறார் என்று அவள் பையின் கைப்பிடியை இறுக்கினாள். அவர் அவளை விட்டுத் தம்பியைப் பார்த்தார்.

“டாக்டர் சொன்னதை இன்னும் இவகிட்ட சொல்லலையா?”

கணவர் சுவரைப் பிடித்துக்கொண்டு தலைகுனிந்து நின்றார். வேன்காரர் அட்டையைக் கிழித்தார். உள்ளே இருந்த புத்தம் புதிய சக்கர நாற்காலி விரிந்து நின்றது.

“நான் தங்க வரலம்மா” என்றார் அண்ணன். “இவனுக்கு இதை ஓட்டக் கத்துக்குடுக்க வந்தேன்.”