மிஷின் இறங்கிய வயல்

ஜெயசுதா சொம்பை நீட்டியதும், டிரைவர் அழகேசன் அதை வாங்கி அண்ணாந்து மோர் குடித்ததும் தங்கராசுவின் கண்ணுக்கு நன்றாகவே தெரிந்தது. குடித்து முடித்த பிறகும் இரண்டு பேரும் விடாமல் பேசினார்கள். அவள் கையை நீட்டி நீட்டி எதையோ காட்ட, அவன் தலையை ஆட்டிக்கொண்டிருந்தான்.

“மோர் குடுத்து ஆள மடக்குறா பாரு,” என்றான் தங்கராசு.

மனைவி சசிகலா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அறுப்பு மிஷின் திரும்புவதற்கு வசதியாக வயலின் நாலு மூலையையும் கையால் அறுத்துவைக்க வேண்டும். அவள் மூன்றாவது மூலையில் இருந்தாள்.

பொங்கல் கழித்து அறுக்கலாம் என்றுதான் இருந்தார்கள். செல்போனில் வந்த வானிலைச் செய்தி எல்லாவற்றையும் புரட்டிப் போட்டுவிட்டது. சாயங்காலம் தொடங்கி மூன்று நாளைக்கு மழையாம். இரண்டு ஏக்கர் நெல்லும் முற்றித் தலை சாய்ந்து நின்றது. நனைந்தால் படுத்துவிடும், படுத்தால் முளைத்துவிடும். வருஷத்துச் சாப்பாடே அதுதான்.

ஊர் ஊராக அலைந்து அழகேசனைப் பிடித்தது தங்கராசு. வண்டியும் சொன்னபடி காலையிலேயே வந்தது. வந்தவன் கீழே இறங்கி ஓடைப் பக்கம் போனான். ஒதுங்கப் போகிறான் போலிருக்கிறது என்று தங்கராசு நினைத்துக்கொண்டான். முழங்கால் வரைக்கும் சேற்றோடு திரும்பியவன், நேராகப் போய் நின்றது ஜெயசுதாவிடம்.

ஜெயசுதா வேறு யாரும் இல்லை, தம்பி சரத்குமாரின் மனைவிதான். தம்பி சிங்கப்பூரில் இருக்கிறான். ரோட்டோரம் இருக்கும் அவன் பாகத்தை அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். உள்ளே தள்ளி இருப்பது தங்கராசுவின் பாகம். வண்டி போக வர ஓடையோரமாக ஒரு பாதை உண்டு. நடுவிலுள்ள வரப்பை யார் வெட்டிக் குறைத்தது என்ற தகராறில் இரண்டு வருஷமாக இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

மிஷின் உறுமியது. தங்கராசு பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது ஜெயசுதாவின் வயலில் இறங்கியது.

“அவ நெல்லு இன்னும் பச்ச மாறலயே,” என்று சசிகலா இப்போதுதான் நிமிர்ந்தாள். “பிந்தி நட்டது. இன்னும் பத்து நாளாவது போவணும். இப்ப எதுக்கு அறுக்குறா?”

“எதுக்கா? மழைக்கு முன்னாடி மிஷின் நம்ம வயலுக்கு வந்துடக் கூடாது, அதுக்குத்தான். தன் நெல்லப் பச்சையா அறுத்துப் பாழாக்குனாலும் ஆக்குவா, நம்மள வாழ வுட மாட்டா.”

“அப்புடியெல்லாம் செய்யுற பொண்ணு இல்லீங்க அது.”

“நீ சும்மா இரு. ஒனக்கு ஊர்ல எல்லாரும் நல்லவங்கதான்.”

மீன்சுருட்டியில் இன்னொரு மிஷின்காரர் இருந்தார். தங்கராசு அவருக்குப் போன் போட்டான். ஒரு மணி நேரத்தில் வந்துவிடுவதாக அவர் சொன்னதும் அவனுக்குத் தெம்பு வந்துவிட்டது. அரிவாளைக் கீழே போட்டுவிட்டு விறுவிறுவென்று நடந்தான்.

வலது ஓரமாக ஒரே பட்டையை அறுத்துக்கொண்டு வந்த மிஷின், அவன் குறுக்கே போய் நின்றதும் நின்றுவிட்டது.

“மோர் குடுக்குறவங்களுக்குத்தான் மொதல்ல அறுப்பியா?”

“அண்ணே, அதுக்கில்லண்ணே, வண்டி வந்து…”

“வண்டி ஒன்னுது, வயலு என்னுது. கெளம்பு! வேற மிஷினுக்குச் சொல்லியாச்சு.”

ஜெயசுதா ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

“இதுல மூணாம் மனுஷங்க யாரும் பேச வேணாம்,” என்றான் தங்கராசு, வானத்தைப் பார்த்துக்கொண்டே.

அழகேசனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. விக்கிரமங்கலத்தில் நாலு பேர் அவனுக்காகத் தவம் கிடந்தார்கள். மிஷினைத் திருப்பி லாரியில் ஏற்றிக்கொண்டு போயே போய்விட்டான். லாரி கண்ணுக்கு மறையும்வரை தங்கராசு மீசையைத் தடவிக்கொண்டு நின்றான். அன்றைக்குக் காலையில் அவ்வளவு திருப்தி அவனுக்கு வேறெதிலும் கிடைக்கவில்லை.

சொன்ன நேரத்துக்கு மீன்சுருட்டிக்காரரிடமிருந்து போன் வந்தது.

“ஓடைப் பாதையில நிக்கிறேங்க. ஏரித் தண்ணி பாஞ்சு பாதையே சேறாக் கெடக்கு. காலு முழங்கால் வரைக்கும் பொதையுது. வண்டி எறங்குனா ஏறாதுங்க. மழைக்கு முன்னாடி எனக்கு இன்னும் ரெண்டு எடம் இருக்கு, நான் கெளம்புறேன்.”

“இருங்க, இருங்க…”

போன் வைக்கப்பட்டுவிட்டது. மறுபடி அடித்தான், மணி அடித்ததே தவிர யாரும் எடுக்கவில்லை. தினமும் வரப்பு வழியாகவே நடந்து பழகியவன், ஓடைப் பக்கம் போய் நாலைந்து நாளாகியிருந்தது. அழகேசனின் காலில் இருந்த சேறு இப்போதுதான் அவன் நினைவுக்கு வந்தது.

கிழக்கே இருட்டிக்கொண்டு வந்தது. சாயங்காலம் வரைக்கும் காத்திருக்க மழைக்குப் பொறுமை இல்லை; முதல் தூறல் அவன் கையில் விழுந்தது.

திரும்பிப் பார்த்தான். ரோட்டிலிருந்து ஜெயசுதாவின் வயலில் ஒரு மிஷின் அகலத்துக்கு மட்டும் அறுத்த பட்டை, அவன் வரப்புக்குப் பத்தடி தூரத்தில் வந்து நின்றிருந்தது. அதன் ஓரத்தில் ஒரு பிடி பச்சைக் கதிரோடு நின்ற ஜெயசுதா, இரண்டு வருஷத்துக்குப் பிறகு அவனிடம் வாய் திறந்தாள்.

“ஒங்க வயலுக்கு வழி வுடத்தான் மாமா, என் பச்ச நெல்ல அறுக்கச் சொன்னேன்.”