டிரம்மில் இடம்

வில்கமுவையில் நில அளவையாளர் சிவபாதமும் மனைவி மீனாம்பிகையும் குடியிருந்தது, டிராக்டர் இழுத்துவந்து காட்டோரம் விட்ட கரவன் என்ற சக்கர வீட்டில். கூரையில் நல்ல தண்ணீர்த் தாங்கி. அடியில், குளித்த தண்ணீரும் கழுவிய தண்ணீரும் விழுகிற டிரம். அதை நிலத்தில் திறந்துவிட்டால் சோற்று வாசத்துக்கு யானை வந்துவிடும். வாரத்துக்கு ஒருமுறை பவுசர் என்ற தண்ணீர் லொறியோடு சன்னாசி வந்துதான் மேலே நிரப்பி, கீழே இருப்பதை எடுத்துப்போவான்.

"இஞ்சேரும், டிரம் நிரம்பப்போகுது. தண்ணியைப் பாத்துச் செலவழியும்" என்று சிவபாதம் ஓயாமல் நச்சரிப்பார்.

எண்பத்துமூன்று ஜூலையில் மீனாம்பிகை பஸ் ஏறினாள். "மாத்தளையிலை அக்கா வீட்டிலை ஒருக்கா ஆசைதீர முழுகிப்போட்டு வாறன்" என்றாள். அந்தக் கிழமைதான் அங்கே தமிழர் வீடுகளுக்கு நெருப்பு வைத்தார்கள். அக்கா வீட்டில் ஒருவரும் மிஞ்சவில்லை.

அலுவலகத்தில் இடமாற்றம் கேட்கச் சொன்னார்கள். சிவபாதம் கேட்கவில்லை, கரவனுக்கே திரும்பினார். அரை வாளியில் குளித்தார்.

அடுத்த வாரம் சன்னாசி கீழே குனிந்து பார்த்தான்.

"ஐயா, மேல தண்ணி கொஞ்சந்தான் கொறைஞ்சிருக்குங்க. கீழ டிரம் நெறைஞ்சு வழியுதே."

மூடியைத் திறந்தான். சீயக்காய் நுரை மிதந்தது. நுரையில் நீள நீளமாக முடி.

"யாருங்க வந்திருக்காங்க?"

 மறுநாளிலிருந்து சிவபாதம் துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு வாய்க்காலுக்குக் குளிக்கப் போனார். அவருடைய தண்ணீரும் விழுந்தால் டிரம்மில் அவளுக்கு இடம் போதாது.