பதின்மூன்றாவது பெயர்

படத்தில் நின்ற பையன்கள் பன்னிரண்டு பேர். கீழே அச்சாகியிருந்த பெயர்கள் பதின்மூன்று.

பள்ளி ஆண்டு மலர் அச்சாபீஸிலிருந்து வந்து அரைமணி நேரம்கூட ஆகவில்லை. மலரின் ஆசிரியன், கடைசி வகுப்பான ஆறாம் பாரம் படிக்கும் ரகுபதி, விரலை வைத்து எண்ணினான். இடமிருந்து வலம் எண்ணினான். வலமிருந்து இடம் எண்ணினான். தலை பன்னிரண்டுதான். பெயர் பதின்மூன்றுதான்.

முதல் ஆறு பேர் சரி. ஏழாவதாக நிற்பவன் ரகுபதி. ஏழாவது பெயரோ முருகையன். 'ரகுபதி' எட்டாவதாகிப் பக்கத்தில் நின்ற குண்டுப் பையனுக்குப் போய்விட்டது. அங்கிருந்து ஒருவன் பெயர் இன்னொருவன் தலையில். கடைசிப் பெயருக்கு ஆளே இல்லை.

ஐந்து மணிக்கு ஆண்டு விழா. அதற்குள் சரிசெய்யாவிட்டால் மலர் வெளியே போகாது என்று ஹெட்மாஸ்டர் சொல்லிவிட்டுப் போய்விட்டார். மறுபடி அச்சடிக்கக் காகிதம் ஏது? யுத்த காலம். ஒரு வருஷ உழைப்பு, இருநூற்றைம்பது பிரதி, மேஜைமேல் சும்மா கிடந்தது.

மலர்க் குழுவின் படத்துக்குப் பட்டியல் எழுதியவன் துணை ஆசிரியன் ஹபீபுர் ரஹ்மான். ப்ரூஃப் பார்த்தவன் ரகுபதி. அதை யாரும் ஞாபகப்படுத்தவில்லை.

"முருகையன்தான் படத்துலயே இல்லையே. அவன் பேரை ஏண்டா எழுதினே?"

டிரில் மாஸ்டர் முந்தின நாளே உயரப்படி வரிசை போட்டுக் கொடுத்தார், அதைப் பார்த்து எழுதினேன் என்றான் ஹபீப். வராதவன் பெயரை எடுத்திருக்க வேண்டாமா என்று கேட்டதும் தரையைப் பார்த்தான்.

ரகுபதியின் கோபம் பக்கத்தில் நின்ற முருகையன்மேல் திரும்பியது. சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து மயிலாப்பூருக்குத் தினம் நடந்து வருகிற பையன். கையெழுத்து முத்து. மாதாமாதம் வகுப்பில் சுற்றுகிற கையெழுத்துப் பத்திரிகை முழுக்க அவன் எழுதுவதுதான். மலருக்கு வந்த கட்டுரைகளை அச்சாபீஸுக்கு நகல் எடுத்தவனும் அவனே. ஆனால் மலரில் அவன் பெயர் இருந்தது இந்த ஓர் இடத்தில்தான்.

"படம் எடுத்த அன்னிக்கு ஏண்டா வரலை?"

"வரலை. அவ்ளோதான்."

"கோட்டு இல்லாதவன் நிக்கப்படாதுன்னு ஹெட்மாஸ்டர் சொன்னாரே, அதனாலயா?"

"அப்டித்தான் வச்சிக்கோயேன்."

தண்ணீர்ப் பானையை இறக்கிவைத்த பியூன் பஞ்சாட்சரம் குறுக்கே புகுந்தார். "இன்னா தம்பி இப்டி சொல்றே? அன்னிக்கு நான்தானே உனக்கு கேட்டைத் தொறந்தேன். கறுப்புக் கோட்டை மடிச்சிக் கையில வச்சிக்கினு வந்தே. உங்கப்பாருக்கு அடையாறு துரை குடுத்தது, வெட்டி உன் அளவுக்குத் தச்சதுன்னு சொன்னியே."

வேறு யாரையாவது பார்த்திருப்பீர்கள் என்றான் முருகையன். பஞ்சாட்சரம் விடவில்லை. "படம் எடுக்கசொல்ல வெறும் சட்டையோட மரத்தடியில குந்திக்கினு வேடிக்கை பாத்தியே, அதுவும் வேற ஆளா?"

ரகுபதிக்குத் தலை சுற்றியது. வந்தவன் வரவில்லை என்கிறான். கோட்டோடு வந்தவன் கோட்டில்லாமல் உட்கார்ந்திருந்தானாம். எழுதினவன் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறான். மணி மூன்று.

முருகையனே வழி சொன்னான். தன் பெயரை அடித்துவிட்டால் மிச்சம் பன்னிரண்டு. எல்லாம் வரிசைக்கு வந்துவிடும்.

ரூல்தடி, பேனா, கறுப்பு மசி. உட்கார்ந்து, பிரதி பிரதியாகத் தன் பெயரைத் தானே அடித்தான். கோணவில்லை, மசி சிந்தவில்லை. அந்த வேலையையும் அழகாகத்தான் செய்தான்.

அறுபது பிரதி ஆயிற்று. ஹபீப் நின்றுகொண்டே இருந்தான்.

"நீயும் ஒரு பேனா எடேண்டா."

"நான் அடிக்க மாட்டேன்."

"ஹபீப், கம்முனு இரு" என்றான் முருகையன், தலை நிமிராமல்.

ஹபீப் இருக்கவில்லை. "ரகுபதி, அன்னிக்கு உன் கோட்டு எங்கே?"

"ஜப்பான்காரன் குண்டு போடுவான்னு பயந்து டோபி ஊருக்கு ஓடிட்டான். கோட்டும் மூட்டையோட போயிடுத்து. நீதானே உங்கப்பா தையல் கடையிலேர்ந்து ஒண்ணு கொண்டுவந்து குடுத்தே?"

"எங்க கடைக் கோட்டுன்னு நான் சொன்னேனா?"

ரகுபதி படத்தைப் பார்த்தான். ஏழாவது ஆள். கறுப்புக் கோட்டு. அளவெடுத்துத் தைத்ததுபோல் தோளில் உட்கார்ந்திருந்தது. முருகையனும் அவனும் ஒரே உயரம்.

"ஆசிரியன் இல்லாம படமான்னு அவன்தான் தன் கோட்டைக் குடுத்தான். சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வேற. பேராவது இருக்கட்டுமேன்னு எடுக்காம விட்டேன். மத்தவன் பேரெல்லாம் தள்ளிப்போகும்னு எனக்குத் தோணலை."

ரகுபதி முருகையன் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கினான். அடுத்த பிரதியை இழுத்தான். எட்டாவது பெயரின்மேல் ரூல்தடியை வைத்தான்.

"உனக்கு இன்னா பைத்தியமா? உன் மூஞ்சிக்கு என் பேரா? சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். எண்ணிப் பார். பன்னிரண்டு வரது."

ஐந்து மணிக்கு மலர் வெளியே போயிற்று. அறுபது பிரதிகளில் முருகையன் இல்லை. மீதி நூற்றுத் தொண்ணூறில் ஏழாவது ஆள் முருகையன். அவற்றைத் திருத்தியவன் யார் என்று அறிய மசிக் கோட்டை உற்றுப் பார்த்தால் போதும். அடியில் மங்கலாகத் தெரியும்: ரகுபதி.