தொண்ணூற்றேழு மார்க் தூக்கம்

உலகத் தொழிலாளர் வரலாற்றிலேயே முதன்முறையாக, உறக்கத்துக்கு மார்க் போடும் பொன்னான திட்டத்தைத் தொழிற்சாலை நிர்வாகம் பெருமிதத்துடன் அறிவித்தது. எல்லார் கையிலும் தூக்கத்தை அளக்கும் ஒரு பட்டை. மாதம் முழுக்க நன்றாகத் தூங்குகிறவருக்கு நிரந்தரப் பகல் ஷிஃப்ட்.

வாரத்துக்கொரு ஷிஃப்ட் மாறித் தூக்கத்தையே தொலைத்திருந்த கலியமூர்த்திக்கு முதல் வாரம் பன்னிரண்டு மார்க். பக்கத்து மெஷின் சவரிமுத்துவுக்குத் தொண்ணூற்றேழு.

"அவரும் இதே ஷிஃப்ட்தானே பார்க்கிறார்?" என்றாள் மனைவி. மிச்சமிருந்த தூக்கமும் அதோடு போயிற்று. அடுத்தவன் வீடு வாங்கினால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். குறட்டை விடுவதை எப்படிப் பொறுப்பது?

நைட் ஷிஃப்ட் முடிந்த ஒரு காலையில், சவரிமுத்து தூங்குகிற அழகைப் பார்த்துவிடுவதென்று கலியமூர்த்தி அவன் வீட்டுக்கே போனான். சவரிமுத்து சிவந்த கண்களோடு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான். கட்டிலில் அவனுடைய மாமனார் கூரை அதிரக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். பட்டை அவர் வலது கையில் இருந்தது.

"அடப்பாவி! அப்ப நீ தூங்குறதே இல்லையா?"

"தூக்கம் வந்தா இந்த மனுசனை எதுக்குடா வச்சுக் கும்பிடுறேன்? கத்தாதே, முழிச்சுக்கப் போறாரு. இடது கை சும்மாத்தான் கிடக்கு. வேணுமா?"

அன்று முதல் டூட்டி முடிந்ததும் கலியமூர்த்தி தன் பட்டையை அங்கே கொண்டுபோய்க் கட்டினான்.

மாதக் கடைசியில் இருவருக்குமே தொண்ணூற்றேழு. மாறும் ஷிஃப்ட்டிலேயே இவ்வளவு நல்ல தூக்கம் வருகிறதே என்று மகிழ்ந்துபோன நிர்வாகம், பகல் ஷிஃப்ட் தேவையில்லை என்று பரிசை ரத்து செய்தது.

இருவரும் வந்து கட்டிலருகே நின்றார்கள். மாமனார் தூங்கிக்கொண்டிருந்தார்.